இரண்டு நாட்டுக்கு நடுவில் ஐம்பத்து மூன்று நாள்

1

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் கையில் கேக் டப்பாவோடு வந்து நின்றார். வீட்டில் யாருக்கும் பிறந்த நாள் இல்லை, கல்யாண நாளும் இல்லை. டப்பாவைத் திறந்தால் நடுவில் "1" என்று ஒரு மெழுகுவர்த்தி. எனக்கு வயது நாற்பத்தாறு.

"இந்தியாக்காரி ஆயி ஒரு வயசு ஆயிட்டுல்லா டீச்சர், ஊதும்" என்றார். செல்வினுக்கு நான் பதினான்கு வருஷமாக டீச்சர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ கோபம் என்று அர்த்தம்.

எங்கள் மகள் ஜெருஷா கைதட்டி இந்தியில் வாழ்த்துப் பாடினாள். பன்னிரண்டு வயது. தமிழில் பேசுவாள், ஆனால் வாக்கியம் பாதியில் ரயில் மாறுவது மாதிரி இந்திக்கு மாறிவிடும். தமிழ் எழுத்தைக் காட்டினால் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். எத்தனை பிள்ளைகளுக்குத் தமிழில் படிப்பித்த கை இது, பெற்ற பிள்ளையிடம் தோற்றுப்போனது.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த டீச்சர்மாரே, நீங்கள் போன் செய்தால் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள்: "எப்படிக் கிடைச்சிச்சு? சோதனை வச்சாங்களா? பெயிலானா என்ன செய்வாங்க?" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் ஒரே தடவையில் எழுதுகிறேன். இதில் நான் அப்பாவிடம் மறைத்த ஒரு விஷயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும்.

2

அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். சவரிமுத்து, தேயிலைப் பெக்டரியில் வேலை பார்த்தவர். இப்போது எழுபத்து நான்கு வயது, மூச்சு இழுப்பு. தம்பியோடு தோட்டத்திலேயே இருக்கிறார்.

அவர் பிறந்தது அந்தத் தோட்டத்தில். அவருடைய அப்பா பிறந்ததும் அங்கேதான். ஆனாலும் முப்பத்தெட்டு வயது வரைக்கும் அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு இலங்கை ஒரு சட்டம் போட்டு, நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றது. இந்தியாவின் கணக்கிலும் அவர் பேர் ஏறவில்லை. ஓட்டு இல்லை, பாஸ்போட் இல்லை, அரசாங்க உத்தியோகம் என்ற பேச்சே இல்லை. நாடற்றவர் என்பது எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், திட்டும் இல்லை, துக்கமும் இல்லை. காய்ச்சல், இருமல் மாதிரி எல்லா வீட்டிலும் இருந்தது.

பிறகு சட்டம் மாறி, பிரஜாவுரிமைச் சான்றிதழ் வாங்க அப்பா கச்சேரிக்கு அலைந்தார். (செல்வினிடம் முதல் தடவை இந்தக் கதையைச் சொன்னபோது, "கச்சேரிக்கா? பாடுனது யாரு?" என்று கேட்டார். நம் ஊரில் அரசாங்க அலுவலகத்துக்கு அதுதான் பேர் என்று புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.) நாலு தடவை போய் வெறுங்கையோடு வந்தார். ஐந்தாவது தடவை மழையில் நனைந்துகொண்டு வந்தவர், சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து கடித உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. தாளுக்குப் பிரேம் போட்டு, திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

அந்தத் தாள் இல்லாவிட்டால் நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆகியிருக்க முடியாது. ஒன்பது வருஷம் வரலாறும் குடியியலும் படிப்பித்தேன். விடுமுறையில் ஒரு பயிற்சிக்குக் கொழும்பு போனபோது, அங்கே ஒரு மாடிக் கட்டடத்துக்கு லிப்ட் பூட்ட பம்பாயிலிருந்து வந்திருந்த செல்வினைக் கோயிலில் பார்த்தேன். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும், கல்யாணச் சோறு சாப்பிட்டவர்கள்தானே.

3

பதின்மூன்று வருஷம் நான் இங்கே பம்பாயில் விசாவில்தான் இருந்தேன். குறை சொல்லவில்லை. தாளைக் கொண்டு போனால் நீட்டிக் கொடுத்தார்கள். ஓட்டுப் போடும் நாளில் எங்கள் மாடிக்காரர்கள் எல்லோரும் பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். மையடித்த விரலோடு திரும்பி வந்து டீ குடிப்பார்கள். கட்டடத்திலேயே மை இல்லாத பெரிய மனுஷி நான் ஒருத்தி. அதுவும் பழகிப்போனது.

ஒரு நாள் ஜெருஷா பள்ளிக்கூட பாரம் நிரப்பினாள். தாயின் நாடு என்ற கட்டத்தில் இலங்கை என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டே, "மம்மி, விசா எக்ஸ்டென்ட் பண்ணலேன்னா நீ மட்டும் போயிடணுமா?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். கேட்டதும் மறந்து டிவி போட்டுவிட்டாள். எனக்கு அன்றைக்கு அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அந்த வாரமே செல்வின் என்னை ரஹீம் பாயிடம் கூட்டிப் போனார். கடையநல்லூர்க்காரர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தாராவியில் அரசாங்க பாரம் எது நிரப்ப வேண்டுமானாலும் தமிழர்கள் அவரிடம்தான் போவார்கள். முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டோம். இங்கே பாரத்தில் பேருக்கு மூன்று கட்டம்: சொந்தப் பேர், நடுப்பேர், குடும்பப் பேர். என் தாள்களில் எல்லாம் சவரிமுத்து ஸ்டெல்லா. பம்பாய் வழக்கப்படி கல்யாணமானவளுக்கு நடுவில் புருஷன் பேர், கடைசியில் புருஷனின் அப்பா பேர்.

"ஸ்டெல்லா செல்வின் தங்கராஜ்" என்று தட்டினார் ரஹீம் பாய்.

"எங்க அப்பா எங்கே போனார்?" என்றேன்.

"அவுக அபிடவிட்ல இருக்காவ தங்கச்சி. ரெண்டும் ஒரே ஆளுதான்னு சத்தியம் பண்ணி எழுதிருதோம். கவலப்படாதிய."

விண்ணப்பம் போட்டதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஏனென்றால் இந்தியா ஒரு ஆளை எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அந்த ஆள் முதலில் பழைய நாட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா அரை ஆயுசு காத்திருந்து வாங்கியதை நான் ஒரு கையெழுத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அதை எந்த வாயால் சொல்வது?

4

சோதனை விஷயத்துக்கு வருகிறேன். ரஹீம் பாயிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"எளுத்துச் சோதனைலாம் கெடையாது. ஆபீசர் கூப்பிட்டு ஏதாவது கேப்பாவ."

"என்ன கேட்பார்கள்? சிலபஸ் என்ன?"

அவர் செல்வினைப் பார்த்தார். செல்வின் கூரையைப் பார்த்தார்.

சிலபஸ் இல்லாத சோதனையை நீங்கள் யாராவது தாங்குவீர்களா? நான் தாங்கமாட்டேன். இருநூறு பக்கக் கொப்பி ஒன்று வாங்கி நானே சிலபஸ் போட்டேன். அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகள், கடமைகள், மாநிலங்களும் தலைநகரங்களும், ஆறுகள், போராட்ட வரலாறு, மும்பை மாநகராட்சி. ஒவ்வொரு அலகுக்கும் வினாத்தாள். ஜெருஷாவின் பாடப்புத்தகங்களும் அவளுடைய சிவப்புப் பேனாவும் போதுமாக இருந்தன. நான் எழுதுவேன், அவள் திருத்துவாள். ஒரு தடவை "கையெழுத்து சுமார்" என்று அடியில் எழுதினாள். என் வசனம் அது, எனக்கே திரும்பி வந்தது.

புதிதாகப் படிப்பது கஷ்டமில்லை. ஒன்பது வருஷம் கத்திக் கத்திப் படிப்பித்தது மண்டையை விட்டு இறங்கமாட்டேன் என்றதுதான் கஷ்டம். மாநிலம் எத்தனை என்றால் வாய் முந்திக்கொண்டு ஒன்பது மாகாணம் என்றது. "மம்மி! இருபத்தெட்டு! உன் கண்ட்ரிய விடு!" என்பாள் ஜெருஷா. இந்தியாவில் குடியரசுத் தலைவர் ஒரு பக்கம், பிரதமர் ஒரு பக்கம். ஆட்சி நடத்துவது பிரதமர். நானோ எல்லா அதிகாரத்தையும் கொண்டு போய் ஜனாதிபதி மடியில் வைத்தேன். மார்க் போனது.

மூன்றாம் மாடி சாவந்த் ஆன்ட்டி, மாநகராட்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், என் கொப்பியைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார். "மகாராஜ் எங்கே?" என்றார். இந்த ஊரில் மகாராஜ் என்றால் ஒரே ஒரு மராட்டிய மன்னர்தான், பேர் கேட்கக் கூடாது. சாவந்த் ஆன்ட்டி மத்தியானம் மத்தியானம் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு கோட்டையாக ஏற்றி இறக்கினார். மராட்டியில் தப்புச் சொன்னால் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். ஜெருஷா பிறந்தபோது எனக்கு அம்மா இல்லை என்று, பத்து நாள் வெந்தயக்கீரைக் கஞ்சி கொண்டு வந்து பக்கத்தில் நின்று குடிக்கவைத்தவர் அவர். அதனால் கோட்டைகளையும் குடித்துவைத்தேன். என்னை இந்த நாட்டுக்காரி ஆக்குவதற்கு இத்தனை பேர் தங்கள் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். இதற்கு நான் எங்கே போய் நன்றி சொல்வேன்?

5

நேர்காணல் நாளில் புடவை கட்டிக்கொண்டு, கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, செல்வினோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி என் வயதுப் பெண். மேசை முழுக்கப் பைல், ஓரத்தில் ஒரு டிபன் டப்பா. உட்காரச் சொன்னார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், கணவருக்கு என்ன வேலை, குழந்தை எந்தப் பள்ளி என்று இந்தியில் கேட்டார். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். செல்வின் முகத்தில் பெருமை.

பைலில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், நிமிராமலே கேட்டார்: "இண்டிபெண்டென்ஸ் டே எப்போது?"

என் கொப்பியில் அந்தக் கேள்வி இல்லை. அவ்வளவு சுலபமானதை யார் எழுதிவைப்பார்கள்?

"பெப்ரவரி நான்கு" என்றேன்.

சத்தமாக, தெளிவாக, வகுப்பில் சொல்வதுபோல. ஒன்பது வருஷம் அந்தத் தேதியில் பிள்ளைகளை வெள்ளை உடுப்பில் வரிசையாக நிறுத்திக் கொடி ஏற்றினவள் நான். கேள்வி காதில் விழுந்தது, மண்டைக்குப் போகவில்லை, நேரே வாய்க்கு வந்துவிட்டது.

பேனா நின்றது. செல்வின் குனிந்து ஷூ லேசைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாரத்தில் தாயின் நாடு என்ற கட்டத்தில் பிள்ளை எழுதினது கண்ணுக்குள் வந்தது.

"அது எந்த நாட்டுக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். குடியியல் டீச்சராக இருந்தேன், பழைய பாடம் முந்திக்கொண்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார்.

"டீச்சரா? அப்படியானால் தப்பை நீங்களே திருத்துங்கள்" என்றார்.

திருத்தினேன். ஆகஸ்ட் பதினைந்து. அதோடு விட்டேனா? ஜனவரி இருபத்தாறு குடியரசு நாள், அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது நவம்பர் இருபத்தாறு, மே ஒன்று மகாராஷ்டிரா நாள், அடிப்படைக் கடமைகள் பதினொன்று, ஒன்றாவது கடமை... கோட்டைகளுக்கு வருவதற்குள் "பஸ், பஸ்" என்று கையைக் காட்டிச் சிரித்துவிட்டார். போதும் என்றார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிதானமாக விளக்கினார். முதலில் இங்கிருந்து சம்மதக் கடிதம் வரும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டுவிட்டு, விட்டதற்குத் தாள் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு சான்றிதழ்.

"விட்ட நாளுக்கும் சான்றிதழ் வருகிற நாளுக்கும் நடுவில் நான் யார் மேடம்?" என்றேன்.

அவர் பொய் சொல்லித் தேற்றவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. "நடுவில் நீங்கள் என் மேசையில் ஒரு பைல். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

6

சம்மதக் கடிதம் வந்தது. மும்பையிலேயே நம் நாட்டுத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே இருந்த சிங்கள அம்மா என் தாள்களைப் பார்த்துவிட்டு, "ஷுவர்த நங்கி?" என்றார். நிச்சயம்தானா தங்கச்சி என்று. அந்த வார்த்தையைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. "ஷுவர்" என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாம் அனுப்பி முடிந்து, கொஞ்ச நாளில் விட்டதற்கான தாளைக் கொடுத்தார்கள். அந்தத் தாளின் தேதியிலிருந்து என் நாள் கணக்கு ஆரம்பித்தது. சான்றிதழ் வர மொத்தம் ஐம்பத்து மூன்று நாள் ஆனது.

அந்த நாட்களில் என்ன மாறியது என்று கேட்டால் ஒன்றும் மாறவில்லை. காய்க்காரர் அதே கொத்தமல்லியைச் சும்மா போட்டார். ட்யூஷன் பிள்ளைகள் வந்தார்கள். ஹார்பர் லைன் ரயிலில் என்னை யாரும் எந்த நாடு என்று கேட்கவில்லை, இறங்குவீர்களா என்றுதான் கேட்டார்கள்.

ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. பைல் தொலைந்தால்? அதிகாரிக்கு மாற்றல் வந்தால்? அதைவிடப் பெரிய பயம், மூச்சு இழுப்பில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பது. கையில் பாஸ்போட் இல்லை. எந்த நாட்டுத் தாளைக் காட்டிப் பிளேன் ஏறுவேன்? தம்பியின் நம்பர் போனில் வந்தாலே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா இருமினால், நான் இங்கே அந்த இருமலை எண்ணுவேன். "ஏன் புள்ள மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். வெயில் என்றேன். இவரிடம் வாழ்நாளில் நான் பொய் சொன்னதில்லை, செல்வினைப் பார்த்ததைக்கூட அன்றைக்கே சொன்னவள்.

7

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். தம்பி போனிலிருந்து அப்பா கூப்பிட்டார். ஜெருஷா எடுத்தாள்.

தாத்தாவிடம் பேச அவளுக்குத் தமிழ் போதாது. அதனால் கையில் என்ன செய்தி இருக்கிறதோ அதைக் கொட்டிவிடுவாள். மார்க்கு, பூனைக்குட்டி, மழை எல்லாம் சொன்னாள். சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் போனபோது, "தாத்தா, பதா ஹை, தெரியுமா? மம்மிகிட்ட இப்ப கண்ட்ரியே இல்ல. பழசு கேன்சல். புதுசு இன்னும் வரல" என்றாள்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பிள்ளை கையிலிருந்து போனை வாங்கினேன். திரையில் அப்பா முகம், மூக்கு மட்டும் பெரிதாக. எப்போதும் போனைக் கிட்டத்தில் வைத்துக்கொள்வார்.

"நெசமா புள்ள?" என்றார்.

"ஆமாப்பா. ஒங்ககிட்ட சொல்லணும்னுதான்... எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க மழையில நனைஞ்சு, அஞ்சு தடவ அலைஞ்சு வாங்குனது. நான் ஒரு கையெழுத்துல குடுத்துட்டு வந்துட்டேன். மன்னிச்சிருங்கப்பா."

 மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கோபமா, வருத்தமா, வெறும் மூச்சுதானா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அது எதுக்கு வாங்குனேன்?" என்றார் கடைசியில். "நீ டீச்சராகணும்னு சொன்ன. ஆயிட்ட. அதோட அது வேல முடிஞ்சிருச்சு. எனக்கு என்னோடது இருக்குதுதானே. எத்தன நாளாச்சு?"

"முப்பத்தோரு நாள்."

"பயமா இருக்கா?"

"இருக்குப்பா. ராத்திரி தூக்கமே இல்ல. யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

"நீ பொறந்தப்ப நமக்கு நாடு இல்ல, தெரியுமா? ஒன் பேர்லயும் இல்ல. பத்து வயசு வரைக்கும் நீயும் அப்பிடித்தான் இருந்த."

எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவின் முப்பத்தெட்டு வருஷத்தை எத்தனையோ பேருக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அதில் பத்து வருஷம் என்னுடையதும் என்று ஒரு நாளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. அந்தப் பத்து வருஷத்தில் எனக்கு அம்மை போட்டது ஞாபகம் இருக்கிறது, கோயிலில் முதல் நற்கருணையான புது நன்மை வாங்கியது ஞாபகம் இருக்கிறது, ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து அழுதது ஞாபகம் இருக்கிறது. நாடு இல்லாதது ஞாபகமே இல்லை.

"அப்ப பயமா இருந்துச்சா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா. எனக்குத் தெரியவே தெரியாதே."

"தெரியாமத்தானே வளத்தோம், நானும் ஒங்க அம்மாவும்."

 ஜெருஷா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

"மம்மி, தாத்தா க்யா போலே? திட்டினாரா?"

"இல்ல புள்ள" என்றேன். "நேரமாச்சு, பிள்ளைக்குச் சோறு போடுன்னு சொன்னார். வா, சாப்பிடலாம்."